வட சென்னையில் முதல் கறவை மாடு: புழுக்கத்தைக் கணக்கில் வைத்து வளர்ப்பது எப்படி?

மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதைத்தான். மாதவரம், மணலி, சோழவரம், மீஞ்சூர் பக்கம் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: நம்ம ஊர் மத்தியான வேளையில் இந்த மாடு எப்படி மூச்சு விடும்? வெப்ப நாடுகளில் கால்நடை வளர்ப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகள் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில்களைத் தருகின்றன. அவற்றில் ஒரு சிறு கொட்டகைக்குத் தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

மாட்டை வாட்டுவது வெயில் மட்டும் இல்லை. வெயிலும் காற்றில் உள்ள ஈரமும் சேர்ந்துதான் வாட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வெப்ப ஈரப்பதக் குறியீடு என்று ஓர் எண் இருக்கிறது. போடுவது சுலபம். வெப்பநிலையை 0.8 ஆல் பெருக்குங்கள். அப்புறம் வெப்பநிலையில் 14.4-ஐக் கழித்து, அதை ஈரப்பதத்தால் பெருக்குங்கள் (70 சதவீதம் என்றால் 0.7). இரண்டையும் கூட்டி 46.4 சேர்த்தால் அந்த நேரத்து எண் கிடைக்கும்.

குளிர் நாட்டு ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு 72-ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும் என்பது பழைய கணக்கு. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68-லேயே பால் குறையத் தொடங்குகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இப்போது நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். மார்கழிப் பகலில் 29 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 80 வரும். வறண்ட ஊர் ஒன்றில் 38 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வருவது 81. ஆக, நமக்கு இதமாக இருக்கிற மார்கழிப் பகலும், காய்ந்த ஊரின் கொளுத்தும் வெயிலும் கறவை மாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மே மாதம் 38 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 88-ஐத் தாண்டிவிடும்.

கடலோரத்தில் மாடு வளர்ப்பவர்கள் மனதில் ஆழமாகப் பதிய வேண்டிய விஷயம் இது. மற்ற ஊரில் பலித்த யோசனைகள் எல்லாம் இங்கே அப்படியே பலிக்காததற்கு முக்கியக் காரணமும் இதுதான்.

எண் போட நேரமில்லை என்றால் மாட்டையே பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, மாடு நிழலில் சும்மா நிற்கும்போது, பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். மூச்சு விடும்போது அது ஏறி இறங்கும். 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தில் தவிக்கிறது. 80-ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் வழிய மூச்சு வாங்கினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இடம் பார்ப்பது

மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கின்றன. அங்கே மாடு வளர்க்க என்ன அனுமதி வேண்டும் என்பதை மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தெருவில் விட்ட மாட்டை மாநகராட்சி பிடித்துக்கொண்டு போனால் அபராதம் கட்டித்தான் மீட்க முடியும்.

அபராதத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிளாஸ்டிக் அடைத்த வயிற்றில் தீவனத்துக்கு இடம் ஏது? கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமோ, குப்பைத்தொட்டி நிறைந்த தெருவிலோ மாட்டை மேய விடுவது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதற்குச் சமம். கட்டிவைத்துத் தீனி போட வசதி இருந்தால் மட்டும் மாடு வாங்குங்கள்.

பசுந்தீவனத்துக்கு வழியில்லை, மேய்ச்சல் நிலம் மட்டும் இருக்கிறது என்றால் ஆட்டைப் பற்றி யோசிக்கலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் பார்க்கிற சிவப்புச் செம்மறி, சென்னைச் சிவப்பு என்ற தனி இனம். சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்கள்தான் அதன் தாயகம். கம்பளி இல்லாத குட்டை முடி. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு. அதை வளர்க்கிறவருக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

எந்த மாடு?

வெப்பத்தைத் தாங்குவதில் நாட்டு இனங்களுக்கு நிகர் கிடையாது. குட்டையான வழவழப்பான முடி, கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல் மடிப்பு, நல்ல வியர்வைச் சுரப்பிகள், இவற்றோடு உடம்புக்குள் உண்டாகும் வெப்பமும் குறைவு. பக்கத்து ஆந்திராவின் ஓங்கோல் இனம் நெலோர் என்ற பெயரில் பிரேசில் முழுக்கப் பரவியிருப்பது இதனால்தான். ஆனால் காங்கேயம், உம்பளாச்சேரி, ஓங்கோல் எல்லாம் உழைப்புக்குப் பேர்போனவை. பாலை மட்டும் நம்பித் தொழில் தொடங்குகிறவருக்கு அவை கட்டுப்படியாகாது. பால் தரும் நாட்டு இனம்தான் வேண்டும் என்றால் வடக்கத்திய சிந்தி, சாஹிவால், கிர் உண்டு. நல்ல மாடு கிடைப்பதுதான் கடினம்.

என் யோசனை ஜெர்சி கலப்பு. தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்றுதான் பிரித்து வைத்திருக்கிறது. ஜெர்சி உருவத்தில் சிறியது. எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம் என்பதால் வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும். குறைவாகத் தின்னும், பாலில் கொழுப்பும் அதிகம். கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துத்தான் பால் கூட்டுறவுச் சங்கத்தில் விலை போடுகிறார்கள் என்பதால் இது நேரடியாகக் காசு.

வெளிநாட்டு ரத்தம் பாதியளவில் இருப்பது நல்லது. அது ஏற ஏற, பால் கூடுவதுபோல் தெரிந்தாலும், கோடையில் தீனி எடுக்காமல் நின்றுவிடும். நோயும் சீக்கிரம் வரும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தின் குளிர்ச்சியில் 20 லிட்டர் கறந்த கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாட்டை மணலிக்குக் கொண்டுவந்தால் அதே 20 லிட்டர் வராது. 8 முதல் 10 லிட்டர் கறந்து, வருஷா வருஷம் கன்று போடும் மாடுதான் இந்த ஊரில் லாபம். இதைத் தயங்காமல் சொல்வேன்.

வாங்கும்போது

இரண்டாம் ஈத்து மாடாகப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஒரு வேளை பாலை அடக்கிவைத்து மறுவேளை சேர்த்துக் காட்டுவது உண்டு. நாலு காம்பிலும் பால் ஒரே மாதிரி வர வேண்டும், கட்டி இருக்கக் கூடாது. காதுத் தோடு இருக்கிறதா, கோமாரி தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் கருச்சிதைவு நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது.

வாங்கும் மாதமும் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரிக்குள் வாங்கினால் கோடை வருவதற்குள் புது இடம், புதுத் தண்ணீர், புதுத் தீவனம் எல்லாவற்றுக்கும் மாடு பழகிவிடும். ஏப்ரலில் லாரியில் ஏற்றி வந்தால் பயண அலுப்பும் வெயிலும் ஒன்றாகத் தாக்கும். ஊத்துக்கோட்டை, பொன்னேரி போல இதே காற்றில் வளர்ந்த மாடு கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

கொட்டகை

கூரையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே விழும் வெயில் குறையும். நடுவில் 10 முதல் 12 அடி உயரம் வேண்டும். ஒரு மாட்டுக்கு 40 சதுர அடி நிழல் இருக்கட்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், இல்லையென்றால் வெள்ளை அடியுங்கள். கோடையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தை அடைத்துச் சுவர் எழுப்பாதீர்கள், இடுப்பளவுக்கு மேல் திறந்தே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் என்று புகார் சொல்லாமல் இருக்க, சாணத்தைத் தினமும் இரண்டு முறை அள்ளிவிடுங்கள்.

இனி குளிர்விப்பது. புகைபோல நீர்த்துளி தூவும் கருவியைக் கடையில் காட்டுவார்கள். வறண்ட ஊரில் அது காற்றைக் குளிர்விக்கும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துளி ஆவியாகாது. கொட்டகைக்குள் புழுக்கம்தான் கூடும். நம்மூருக்குப் பொருந்துவது இஸ்ரேல் பண்ணைகளில் சோதித்த முறை. மாட்டின் தோல் நனையும்படி அரை நிமிடம் தண்ணீர் தெளித்து, அடுத்த நாலரை நிமிடம் மின்விசிறியால் காற்று அடிப்பார்கள். இதையே அரை மணி நேரம் மாற்றி மாற்றிச் செய்வார்கள். தோலிலிருந்து ஆவியாகும் தண்ணீர் உடம்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு பெரிய மின்விசிறி இருந்தால் வீட்டிலும் செய்யலாம். விசிறி இல்லாமல் நனைத்து மட்டும் விட்டால் முடிக்குள் ஈரம் தங்கி வெப்பத்தை அடைத்துக்கொள்ளும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் விசிறியை வாங்குங்கள். ஒயரை மாட்டுக்கும் தண்ணீருக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

தண்ணீர்

கறவை மாட்டுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 70 முதல் 100 லிட்டர் வேண்டியிருக்கும். வேளைக்கு ஒரு வாளி காட்டுவது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். நாள் முழுக்கத் தொட்டியில் இருக்க வேண்டும், தொட்டி நிழலில் இருக்க வேண்டும். பால் கறந்த உடனே மாடு அதிகம் குடிக்கும், அந்த நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்த கதை பல பத்தாண்டுப் பழசு. அதனால் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் மாடு கட்டாதீர்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3,000 வரை சமாளிக்கலாம், தொடக்கத்தில் கொஞ்சம் கழியும். அதற்கு மேல் போனால் மாடு குடிக்கவே தயங்கும். 5,000-ஐத் தாண்டிய தண்ணீரைச் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் காட்டக் கூடாது. வெப்பத்தில் குடிப்பது குறைந்தால் அன்றே பால் குறையும். தண்ணீர் உப்பாக இருந்தால் தீவனத்தில் போடும் சாப்பாட்டு உப்பையும் குறைக்க வேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை.

தீவனம்

செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

350 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பு, நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது பத்தரை கிலோ, ஈரம் நீக்கிய கணக்கில் தீனி வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். 20 கிலோ பசும்புல் போட்டால் உள்ளே போவது 4 கிலோதான். அதோடு 3 கிலோ வைக்கோல். அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஆக, கிட்டத்தட்ட 4.7 கிலோ. வைக்கோலிலும் அடர்தீவனத்திலும் உள்ள கொஞ்ச ஈரத்தைக் கழித்துவிட்டுக் கூட்டினால் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும்; வைக்கோலை நம்பி வளர்க்கும் நம்மூர் மாட்டுக்கு இந்தக் கலவை கட்டாயம் வேண்டும். மாதவரம் பால்பண்ணையில் தலைமையகம் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்பைத் தயாரித்தே தருகிறது.

புல்லுக்குக் கோ 4 அல்லது கோ 5 கம்பு நேப்பியர் போடுங்கள். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நல்ல தண்ணீரும் சாணமும் கொடுத்தால் 10 சென்ட் ஒரு மாட்டுக்குப் போதும். வேலியோரம் அகத்தி, வேலிமசால் வையுங்கள், புரதம் கிடைக்கும். சூபாபுல் மரத்தின் இலையும் நல்லதுதான், ஆனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு ஆஸ்திரேலியாவில் மாடுகளை நோயாளியாக்கியது. ஹவாய்த் தீவு ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடுகளின் வயிற்றில் நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கும் கொடுத்துச் சரிசெய்தார்கள். வெப்ப நாட்டுத் தீவன ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஒரே இலை ஒரு மாட்டுக்கு உணவாகவும் இன்னொன்றுக்கு நஞ்சாகவும் இருக்கலாம் என்பதால், எந்தப் புதுத் தீவனத்தையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே ஏற்றுங்கள்.

வைக்கோல் மலிவாகக் கிடைத்தால் யூரியா முறையில் பதப்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி, 3 வாரம் கழித்துப் பிரியுங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து என்பதால் முதல் முறை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நகரத்து மாட்டுக்குப் பெரிய ஆபத்து மீந்த சோறு. கல்யாண மண்டபத்துச் சோறும் ஓட்டல் கஞ்சியும் இலவசமாகக் கிடைக்கும், மாடும் ஆசையாகத் தின்னும். சோறு வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், கழியும், படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருத்துவமனைகளில் இப்படி எத்தனையோ மாடுகள் வந்து நிற்கும். கோடையில் இது இன்னும் மோசம். மூச்சு வாங்கி எச்சில் வழியும்போது, அமிலத்தை முறிக்க வேண்டிய எச்சில் வயிற்றுக்குப் போகாமல் தரையில் போய்விடுகிறது. பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது போடுவது?

மாட்டின் பெருவயிறு ஓர் அடுப்பு. தீனி புளிக்கும்போது வெப்பம் உண்டாகும், அது தின்று மூன்று நாலு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். காலை 10 மணிக்குத் தீவனம் போட்டால் உள்வெப்பமும் வெளிவெப்பமும் மத்தியானம் ஒரே நேரத்தில் சேரும். அதனால் மார்ச் முதல் ஜூலை வரை விடிவதற்கு முன்பே காலைத் தீவனத்தை முடித்துவிடுங்கள். நாளின் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சூரியன் இறங்கிய பிறகு போடுங்கள். வைக்கோல் முழுவதும் இரவுக்கு. நார்த்தீவனம்தான் அதிக வெப்பம் உண்டாக்கும். மத்தியானம் நனைத்து, விசிறி போட்டு, தண்ணீர் காட்டினால் போதும். கைக்காசு செலவில்லாமல் பாலைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மழைக்கும் சினைக்கும்

அக்டோபருக்குள் தரையை ஓர் அடியாவது உயர்த்திவிடுங்கள். கொசஸ்தலையாற்று ஓரத்தில் இருப்பவர்கள் மாட்டை எங்கே மேடேற்றுவது என்பதை முன்பே பேசி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், மணலிப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த புல்லை அறுத்துப் போடக் கூடாது. ஒரு வாரத்துக்கான வைக்கோல் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கொட்டகைத் தூணிலேயே எழுதி வையுங்கள்.

சினை ஊசியில் கோடை பெரும் சோதனை. புழுக்கத்தில் பருவத்துக்கு வந்த மாடு கத்தாது, அறிகுறியும் இரவில்தான் தெரியும். அதனால் படுக்கப் போகுமுன்னும் விடியற்காலையிலும் கொட்டகைக்குப் போய்க் கண்ணாடி போன்ற திரவம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். போட்ட பிறகு முதல் வாரம் கரு வெப்பத்தைத் தாங்காது, அந்த வாரம் நனைப்பதையும் விசிறியையும் ஒரு நாளும் விடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஊசி நிற்கவில்லை என்பதற்காக மாட்டை மலடு என்று முடிவு கட்டி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். டாக்டரிடம் கருப்பையைக் காட்டிவிட்டு, வெயில் தணிந்ததும் மறுபடி போடுங்கள்.